பின்விளக்கும் மனிதக் கண்ணும்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்களுக்கு அந்தி வேளையில் திடீரென்று பிரேக்கை அழுத்த நேரும் காரணங்கள் எத்தனை என்பதை அச்சாலைகளில் பழகியவர்கள் நன்கு அறிவார்கள். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகள் குறுக்கே வருகின்றன. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. ஏரிக்கரையை ஒட்டிய வளைவைத் தாண்டியதும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கே இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. முன்னால் செல்பவர் நின்றுவிடுகிறார். ஆனால் கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் லாரியோ, ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தோ அதே கணத்தில் நின்றுவிடுவதில்லை. விபத்து நேர்ந்தபின், “பின்னாடி லைட்டு எரிஞ்சதைப் பார்த்தேங்க, அவரு நிக்கிறாருன்னுதான் தெரியல” என்று பின்னால் வந்த ஓட்டுநர் சொன்னால், அதை நம்புகிறவர் சிலரே.

இத்தகைய வாக்கியத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், விளக்கு கண்ணில் பட்டது, அதன் பொருள் மட்டும் மனத்தில் படவில்லை என்னும் இந்த விசித்திரம் மெய்யாகவே நிகழக்கூடியது; அதற்கான காரணம் ஓட்டுநரின் அலட்சியத்தில் மாத்திரமின்றி, மனிதக் கண்ணின் இயல்பிலும், மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்றும், விபத்து வகைகளுள் பின்னாலிருந்து மோதுதலே முதலிடம் பெறுகிறது என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுவதை எண்ணிப் பார்ப்பவர்கள், இக்காரணத்தை அறிந்துகொள்வது வெறும் அறிவு விநோதம் அன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, பிரேக்கை அழுத்தியதும் சிமிட்டிச் சிமிட்டி எரியும் விளக்குகளும், இருக்கும் விளக்கையே சிமிட்டச் செய்யும் சிறு மின்சாதனங்களும் இப்போது கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் மலிந்து கிடக்கும் இவை, நம் பக்கத்து ஊர்களின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கும் வந்துவிட்டன. இவற்றில் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று இளைஞர்கள் மெக்கானிக்கைக் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு உரிய விடை சாதனத்தின் விலையிலோ பளபளப்பிலோ இல்லை. அதனைப் பார்க்கப்போகும் கண்ணின் தன்மையில் இருக்கிறது. ஆகையால் முதலில் விளக்கையும், பிறகு கண்ணையும், அதன் பின்னரே சாதனத்தையும் ஆராய்வோம்.

பழைய வகை மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் உள்ள சிறு பல்பினுள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று 5 வாட் சக்தியுடையது. அது வண்டியின் இருப்பைக் காட்டும் பின்விளக்காக, விளக்கு போட்டிருக்கும் நேரமெல்லாம் எரிகிறது. மற்றது 21 வாட் சக்தியுடையது. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் அது சேர்ந்துகொள்கிறது. இரண்டும் ஒரே சிவப்புக் கண்ணாடியின் பின்னே, ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் எரிவதால், ‘நான் போய்க்கொண்டிருக்கிறேன்’ என்னும் செய்திக்கும் ‘நான் நிற்கப் போகிறேன்’ என்னும் செய்திக்கும் உள்ள வித்தியாசம் பிரகாசத்தின் அளவு ஒன்றே ஆகிவிடுகிறது. பிரகாசம் கூடிய அதே கணத்தில் பின்னால் வருபவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தியாசம் அவருக்குத் தெரியும். அவர் பக்கக் கண்ணாடியை நோக்கிவிட்டு, ஒரு வினாடி கழித்துக் கண்ணை முன்னே திருப்பினாரானால், அவர் காண்பது ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டுமே; அது முன்பு எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதை ஞாபகத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டால்தான் அது பிரேக் விளக்கு என்பது புலப்படும். அருகிலுள்ள மங்கிய விளக்கும் தொலைவிலுள்ள பிரகாசமான விளக்கும் இருளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவதால், குழப்பம் மேலும் மிகுகிறது. காரின் பின்னே இரண்டு விளக்குகள் விலகி நிற்கின்றன. நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி அகன்று, தூரம் குறைவதைக் கண்ணுக்கு உணர்த்துகிறது. ஒற்றை விளக்கைக் கொண்ட மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சகாயமும் கிடையாது.

இனி, கண்ணைக் கவனிப்போம். நம் புலன்கள் யாவும் மாறாமல் நிற்பதை மறந்து, மாறுவதை மட்டும் பற்றிக்கொள்ளும் சுபாவம் உடையவை. இரவு முழுவதும் வயலில் பம்புசெட் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் உறங்கும் விவசாயி அந்த ஓசையால் விழிப்பதில்லை. மின்சாரம் தடைப்பட்டு மோட்டார் நின்றதும் விழித்துக்கொள்கிறார். ஓசை இருந்தவரை செவி அதை அவருக்கு அறிவிக்கவில்லை. ஓசையின் மாறுதலையே அறிவித்தது. இதைப் புலன் பழகல் என்று சொல்லலாம். கண்ணும் இவ்விதிக்கு விலக்கன்று.

கண்ணும் அவ்வாறே பழகுகிறது என்பதை எப்படி அறிந்தோம் என்னும் வரலாறு சுவையானது. சுவிட்சர்லாந்து மருத்துவரான டிராக்ஸ்லர் என்பவர், ஒரே புள்ளியை இமைக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்வையின் ஓரங்களில் உள்ள பொருள்கள் மெல்ல மங்கி மறைந்துவிடுவதை 1804-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். வெள்ளைச் சுவரில் ஒரு கரும்புள்ளியும், அதற்குச் சற்றுத் தள்ளி மங்கலான ஒரு வண்ணப் பொட்டும் இட்டு, புள்ளியையே நோக்கியிருந்து, வாசகர்கள் தாமே இதைப் பரிசோதித்துக்கொள்ளலாம். 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள், விழியின்மேல் ஒட்டிய லென்ஸின் உதவியால், கண் எவ்வளவு அசைந்தாலும் பிம்பமும் கூடவே அசைந்து விழித்திரையின் ஒரே இடத்தில் விழும்படி செய்தார்கள். அப்படி அசைவற்று நின்ற பிம்பம் சில வினாடிகளில் பார்வையிலிருந்தே மறைந்துபோயிற்று. நாம் ஓர் இடத்தை நிலைத்து நோக்குவதாக நினைக்கும்போதும் கண் ஓயாமல் நுட்பமாக அசைந்துகொண்டிருப்பதும், அவ்வசைவு உண்டாக்கும் மாறுதலாலேயே உலகம் நமக்குத் தெரிந்துகொண்டிருப்பதும் இதனால் விளங்கின.

அதற்கு முன்னரே, 1938-இல், அமெரிக்க விஞ்ஞானி ஹார்ட்லைன் தவளையின் பார்வை நரம்பை ஒற்றை ஒற்றை இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழையிலும் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்திருந்தார். சில இழைகள் ஒளி இருக்கும்வரை துடித்துக்கொண்டிருந்தன. வேறு சில ஒளி தோன்றும் கணத்திலும் மறையும் கணத்திலும் மட்டும் துடித்து, இடையில் மௌனமாக இருந்தன. இன்னும் சில ஒளி அணைந்தபோது மட்டுமே விழித்தெழுந்தன. மாறுதலை அறிவிப்பதற்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன என்பது இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. இத்துறையில் செய்த பணிக்காக அவர் 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சிமிட்டும் விளக்கு ஏன் நம் கவனத்தைப் பிடித்து இழுக்கிறது என்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. நிலையாக எரியும் விளக்கு மாறுதலை அறிவிக்கும் இழைகளை ஒரே ஒரு முறை தட்டி எழுப்புகிறது; சிமிட்டும் விளக்கோ எரியும்போதும் அணையும்போதும் அவற்றை மீண்டும் மீண்டும் எழுப்புகிறது. அன்றியும், சற்றுத் தாமதமாகக் கண்ணைத் திருப்பியவருக்கும் அதன் செய்தி தவறுவதில்லை. பழைய பிரகாசத்தை நினைவுகூர்ந்து ஒப்பிட வேண்டிய சிரமம் அவருக்கு இல்லாமற்போகிறது.

ஆனால் எவ்வளவு விரைவாகச் சிமிட்ட வேண்டும்? விரைவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வினாடிக்கு ஏறத்தாழ 50, 60 முறைக்கு மேல் சிமிட்டும் ஒளியைக் கண் பிரித்தறியாமல், தொடர்ந்து எரிவதாகவே காண்கிறது. இதைச் சிமிட்டல் இணைவு எல்லை எனலாம். வீட்டு மின்சாரத்தில் எரியும் இழை பல்பின் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குவதை நாம் அறியாதிருப்பது இதனால்தான். 1950-களில் ஹாலந்தைச் சேர்ந்த டி லாங்கே என்பவர், வெவ்வேறு வேகங்களில் ஒளியை ஏற்றி இறக்கி, எந்த வேகத்தில் மிகச்சிறிய ஏற்ற இறக்கமும் கண்ணுக்குப் புலப்படுகிறது என்று அளந்து பார்த்தார். நல்ல வெளிச்சத்தில் வினாடிக்குப் பத்து முறையை ஒட்டிய சிமிட்டலே கண்ணை மிக எளிதில் எட்டுகிறது என்பது தெரியவந்தது.

அப்படியானால் பிரேக் விளக்கையும் வினாடிக்குப் பத்து முறை சிமிட்டச் செய்வதுதானே என்று கேட்கலாம். மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, இழை பல்பின் மந்தம்: இழை சூடேறி முற்றிலும் ஒளிர ஏறத்தாழ 0.2 வினாடி பிடிக்கிறது, ஆறுவதற்கும் நேரம் வேண்டும். ஆதலால் விரைந்து சிமிட்டினால் அது முழுவதும் எரியாமலும் முழுவதும் அணையாமலும் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது, உடல்நலம்: சில மனிதர்களுக்கு, விசேஷமாகச் சிறுவர்களுக்கு, வினாடிக்குப் பத்து முதல் இருபத்தைந்து முறை வரை சிமிட்டும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னியபோது, நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மூன்றாவது, இருக்கும் சைகைகளோடு கலந்துவிடாதிருத்தல்: திரும்புவதைக் காட்டும் இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை, அதாவது வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறை சிமிட்டுகிறது, அதிலிருந்து தெளிவாக வேறுபடும் வேகமே பிரேக் விளக்குக்கு உகந்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கியே, ஐக்கிய நாடுகளின் 48-ஆம் வாகன ஒழுங்குவிதி கார் முதலிய வாகனங்களுக்கு ‘அவசர நிறுத்தச் சைகை’ என்ற ஒன்றை வகுத்து, அதன் வேகம் வினாடிக்கு நான்கு, அதிகமாகவோ குறைவாகவோ ஒன்று வேறுபடலாம் என்று நிர்ணயித்திருக்கிறது. அச்சைகை எப்போதும் தோன்றுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் காரில், ஒவ்வொரு வினாடியிலும் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வீதம் வேகம் குறையுமளவு கடுமையாகப் பிரேக் பிடிக்கப்பட்டால் மட்டுமே அச்சைகை எழலாம். சாதாரணமாக வேகம் குறைக்கையில் விளக்கு வழக்கம்போல் நிலையாகவே எரிய வேண்டும்.

இக்கட்டுப்பாட்டின் நியாயத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. வோவோட்ஸ்கி என்னும் உளவியலாளர், சான் பிரான்சிஸ்கோ நகரத்து 343 டாக்சிகளின் பின்புறத்தில், வேகம் எவ்வளவு கடுமையாகக் குறைகிறதோ அவ்வளவு விரைவாகச் சிமிட்டும் விளக்கு ஒன்றைப் பொருத்தி, அது இல்லாத டாக்சிகளோடு ஒப்பிட்டார். பின்னாலிருந்து மோதப்படுவது 60 சதவீதத்துக்குமேல் குறைந்தது என்று 1974-இல் அவர் வெளியிட்ட முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பின்னர், உயரத்தில் பொருத்தப்படும் மூன்றாவது பிரேக் விளக்கு 1986-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அங்கே கட்டாயமாயிற்று. எனினும் விதி ஏற்றுக்கொண்டது நிலையாக எரியும் சிவப்பு விளக்கையே. அதன் பயனை அரசு பின்னர் அளந்தபோது, 1987-இல் 8.5 சதவீதமாக இருந்த விபத்துக் குறைவு நாளடைவில் 4.3 சதவீதத்தில் வந்து நின்றது. மூன்றாவது விளக்கு எங்கோ ஒரு வண்டியில் மட்டும் இருந்தபோது எல்லார் கண்ணையும் கவர்ந்தது. எல்லா வண்டிகளிலும் வந்தபோது கண் அதற்கும் பழகிவிட்டது. 4.3 சதவீதம் என்பதும் எத்தனையோ உயிர்களைக் காக்கும் நற்பயனே. ஆயினும், ஒரு சைகை அரிதாக இருக்கும்வரைதான் அதற்கு முழுச் சக்தி உண்டு என்னும் பாடத்தை இவ்வரலாறு நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருக்குமானால், சில ஆண்டுகளில் சிமிட்டல் என்பதே ஒருவர் கண்ணிலும் படாமற்போகும்.

பயன் எவ்வளவு என்பதையும் அளவோடு மதிப்பிட வேண்டும். கடும் பிரேக்கின்போது விளக்கு சிமிட்டினால் பின்னால் வரும் ஓட்டுநர் சராசரியாக 0.2 வினாடி வரை முன்னதாகப் பிரேக் பிடிக்கிறார் என்று மெர்சிடஸ் நிறுவனத்தின் பரிசோதனைகள் காட்டின. இழை பல்புக்குப் பதிலாக உடனே ஒளிரும் எல்.இ.டி. விளக்கு இருந்தால் மிச்சமாகும் காலமும் ஏறத்தாழ அவ்வளவே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 வினாடி என்பது 3.3 மீட்டர், அதாவது ஒரு மோட்டார் சைக்கிளின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. மோதலுக்கும் மயிரிழையில் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம் பல சமயங்களில் இவ்வளவுதான்.

இப்போது கடைக்குச் செல்வோம். அங்கே காணப்படுபவற்றை நான்கு இனமாகப் பிரிக்கலாம். பிரேக் பிடித்திருக்கும்வரை ஓயாமல் சிமிட்டுவது முதல் இனம். இதை வாங்கலாகாது. இருளில் விட்டுவிட்டுத் தோன்றும் ஒற்றை விளக்கின் தூரத்தையும் போக்கையும் கணிப்பது கடினம். கவனத்தைக் கவர்ந்த பிறகு, இடத்தைக் காட்டுவதற்கு விளக்கு நிலைத்து நின்றாக வேண்டும். சிவப்போடு நீலமும் வெள்ளையும் கலந்து மின்னுவது இரண்டாம் இனம். இண்டிகேட்டர், நம்பர் பலகை விளக்கு போன்ற சில விலக்குகள் தவிர, பின்புறம் சிவப்பல்லாத ஒளியைக் காட்டலாகாது என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுத்தது. ஆதலால் இது சட்டத்துக்கும் விரோதம், பார்ப்பவருக்கும் குழப்பம். பிரேக்கை அழுத்தியதும் சில முறை மட்டும் சிமிட்டி, உடனே நிலையாக எரியத் தொடங்குவது மூன்றாம் இனம். கண்ணின் இயல்புக்கு மிகவும் பொருந்துவது இதுவே. நான்காம் இனத்தில் முடுக்கமானி என்னும் சிறு கருவி இருந்து, பிரேக்கைத் தொடாமலே கியரைக் குறைத்து வேகத்தைத் தணிக்கும்போதும் விளக்கை ஏற்றுகிறது. பிரேக் விளக்கே எரியாமல் வண்டி வேகம் குறையும் அபாயத்தை இது நீக்குவதால் நோக்கத்தில் மிகச் சிறந்தது. ஆனால் குண்டுகுழிகளின் குலுக்கலையும் மெய்யான வேகக்குறைவையும் பிரித்தறியாத மலிவான கருவி, ஏரிக்கரை மண்பாதையில் காரணமின்றி எரிந்து பொய் சொல்லும்.

ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில. சிமிட்டல் வினாடிக்கு மூன்று முதல் ஐந்துக்குள் அடங்குகிறதா? ஒன்று, இரண்டு வினாடிகளில் முடிந்து விளக்கு நிலைக்கிறதா? நெரிசலில் அடுத்தடுத்துப் பிரேக்கைத் தொடும்போது ஒவ்வொரு முறையும் சிமிட்டாமல் அடங்கியிருக்கிறதா? சிமிட்டும்போது பின்விளக்கும் கூட அணைந்துவிடாமல் எரிகிறதா? இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் பொருத்துவதானால், அதன் ஒளி பக்கங்களிலும் பரவி, பல்பின் பின்னுள்ள பிரதிபலிப்பான் முழுவதையும் நிரப்புகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, சாதனம் பழுதானாலும் பிரேக் விளக்கு பழையபடி எரியுமா? பகலில் ஒருவரை முப்பதடி பின்னே நின்று பார்க்கச் சொன்னால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகையால் வயரை வெட்டி ஒட்டும் எந்த மாறுதலுக்கும் முன்னால் மோட்டார் வாகன ஆய்வாளரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்.

சாதனம் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் இவ்வறிவியலின் பயன் முழுவதும் கிடைக்கும். நிறுத்துவதற்கு முன்னால் அவகாசம் இருக்கும்போதெல்லாம், பிரேக்கை இரண்டு முறை இலேசாகத் தொட்டு விட்டுப் பிறகு அழுத்துங்கள். கியரைக் குறைத்து வேகம் தணிக்கும்போது விளக்கு எரியுமளவு முன்பிரேக் பிடியை மெல்லத் தொட்டுக்கொண்டிருங்கள். கைப்பிரேக், கால்பிரேக் இரண்டின் சுவிட்சுகளும் வேலை செய்கின்றனவா என்று வாரம் ஒருமுறை தனித்தனியே பாருங்கள். ஒன்று செத்துக்கிடப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. குவாரித் தூசியும் சேறும் படிந்த சிவப்புக் கண்ணாடியைப் புறப்படுமுன் ஓர் ஈரத்துணியால் துடையுங்கள். சிமிட்டும் சாதனம் நல்ல துணை. ஆனால் துடைத்த கண்ணாடியும் பழுதற்ற சுவிட்சும் இல்லாத வண்டியில் அதனால் பயன் ஒன்றுமில்லை. முதலில் இவ்விரண்டையும் சரிசெய்யுங்கள். அதன் பிறகு சாதனத்துக்குச் செலவிடுங்கள்.